காப்பி ஹவுஸும் அதன் வாடிக்கைக்காரரும்

வாடிக்கை என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். நாள் தவறாமல் ஒன்றைச் செய்து வருவதும் வாடிக்கை. ஒரே கடையில் தொடர்ந்து சரக்கு வாங்குவதும் வாடிக்கை. பால்காரரிடம் வாடிக்கை, ஜவுளிக் கடையில் வாடிக்கை, மளிகைக் கடையில் வாடிக்கை என்றெல்லாம் சொல்கிறோம். பழக்கத்தையும் வியாபாரத்தையும் ஒரே சொல் தாங்கி நிற்பது மிகவும் பொருத்தமே. சரக்கின் தரமும் விலையும் ஒருவரை முதல் நாள் கடைக்குள் அழைத்து வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே மனிதரை அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் சக்தி எதில் அடங்கியிருக்கிறது என்பது வியாபாரிகளைத் தலைமுறை தலைமுறையாக மயக்கி வரும் கேள்வி.

இதற்கு விடை தேட அயல்நாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. அது காப்பி ஹவுஸின் சரித்திரம். பிழைப்புக்காகவோ உத்தியோகத்துக்காகவோ தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவரில், கல்கத்தாவிலோ தில்லியிலோ பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ, ஒரு முறையேனும் அதன் மேசை முன் அமராதவர் சிலரே இருப்பர். நடத்தியவர்கள் கைவிட்ட ஒரு ஸ்தாபனத்தைச் சிப்பந்திகளும் வாடிக்கைக்காரரும் சேர்ந்து பிழைக்க வைத்த கதை இது. அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

காப்பி இந்திய மண்ணுக்கு வந்த வரலாற்றைப் பாபா புடன் என்ற சூபிப் பெரியாரோடு சேர்த்துச் சொல்வது மரபு. அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து அவர் சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பர். 19ஆம் நூற்றாண்டில் குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் ஆங்கிலேயர் பெருந்தோட்டங்கள் அமைத்தனர். அவற்றின் விளைச்சலில் பெரும்பகுதி கப்பலேறிச் சென்றது. உள்நாட்டில் அதை விரும்பிப் பருகியவர்கள் தென்னாட்டார்களே. நம் வீடுகளில் காலை நேரத்து நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்டதையும், அதைக் கண்டு பெரியவர்கள் அங்கலாய்த்ததையும் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் சுவைபட எழுதியிருக்கிறார். விந்தியத்துக்கு வடக்கேயோ காப்பியை அறிந்தவர் குறைவு. அங்கே தேயிலைத் தோட்டக்காரர்கள் முந்திக்கொண்டனர். 1903ஆம் ஆண்டிலேயே தேயிலைத் தீர்வைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு பிரசாரம் நடந்து வந்தது. ரயில் நிலையங்களில் தேநீரை இனாமாகக் கொடுத்துப் பழக்கிய செய்தி பலரும் அறிந்ததே.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் காப்பித் தோட்டங்களை உலுக்கியது. விலை சரிந்தது. வெளிநாட்டுச் சந்தையை மட்டும் நம்பினால் மூழ்கிப்போவோம் என்று கண்ட தோட்டக்காரர்கள் தேயிலைக்காரர் சென்ற வழியிலேயே செல்ல முனைந்தனர். 1935இல் காப்பித் தீர்வைச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் அமைந்த கமிட்டி, 1936இல் பம்பாய் சர்ச்கேட் பகுதியில் ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ என்ற பெயரில் தன் முதற்கடையைத் திறந்தது.

பின்னர் யுத்தம் வந்தது. ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. விளைந்த காப்பியை உள்நாட்டிலேயே விற்றாக வேண்டிய நிர்ப்பந்தம். 1940இல் ஓர் அவசரச் சட்டமும், 1942இல் நிலையான சட்டமும் பிறப்பிக்கப்பட்டன. நாம் இன்று காப்பி வாரியம் என்று குறிப்பிடும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு அதன் வழி வந்ததே. 1940களில் நாடெங்கும் ஏறத்தாழ 50 காப்பி ஹவுஸ்கள் நடந்து வந்தன.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்துக்கொள்ள வேண்டும். இக்கடைகளை நடத்தியவர்களின் நோக்கம் கோப்பைக்கு இத்தனை லாபம் என்று கணக்குப் பார்ப்பதன்று. காப்பி என்றொரு பானம் உண்டு, அது கௌரவமானது, நல்ல சேர்க்கையோடு அமர்ந்து பருகத்தக்கது என்று ஊராருக்கு உணர்த்துவதே அவர்கள் மேற்கொண்ட பணி. காப்பி ஹவுஸ் என்பது நாற்காலி போட்டு வைத்த விளம்பரப் பலகை! விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனை ‘போதும், நகர்ந்து போ’ என்று யாரும் விரட்டமாட்டார்கள் அல்லவா? ஒரு கோப்பை வாங்கியவர் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தால் நடத்துபவருக்கு அது நஷ்டமாகத் தோன்றவில்லை. மேசைகள் நிறைந்திருப்பதே பிரசாரத்தின் வெற்றி. காப்பி ஹவுஸின் புகழ்பெற்ற அவசரமின்மைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. எவரும் திட்டமிட்டு அந்தச் சூழலை உண்டாக்கியதாகத் தெரியவில்லை. வேறு காரியத்துக்காக வெட்டிய வாய்க்காலில் வந்த தண்ணீர் அது.

அந்தச் சூழல்தான் எத்தகையது? உயர்ந்த கூரை, மெல்லச் சுழலும் மின்விசிறிகள், நால்வர் சுற்றி அமரும் எளிய மேசைகள், வெள்ளை உடுப்பும், இடையில் பட்டையும், விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகையும் அணிந்த பரிசாரகர்கள். பீங்கான் கோப்பையில் காப்பி வரும். தண்ணீர் வரும். அதன் பின் அந்தப் பரிசாரகர் நம்மை மறந்துவிட்டார் போலும் என்று எண்ணும்படி ஒதுங்கி நின்றுவிடுவார். பக்கத்து மேசையில் நடக்கும் விவாதம் நம் காதில் விழும். நம்முடையது அவர்கள் காதில் விழும். சில நாட்களில் மேசைகள் ஒட்டிக்கொள்ளும்.

இதை நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பம்பாய் மாதுங்காவிலும் தில்லி கரோல் பாக்கிலும் கல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் தென்னிந்திய ஹோட்டல்கள் நம்மவருக்குத் தாய்வீடு போல விளங்கின. அங்கே வாடிக்கை நாவில் பிறப்பது. சாம்பாரின் மணமும் டிக்காஷனின் கடுப்பும் நம்மை இழுக்கும். ஆனால் இலையை எடுப்பதற்குள் அடுத்தவர் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். பெஞ்சு ஓயாமல் கைமாறினால்தான் அந்த விலைக்கு அந்தச் சாப்பாடு போட முடியும். ஹோட்டல்காரரைக் குறை கூற இடமில்லை. காப்பி ஹவுஸின் நிலை தலைகீழ். கும்பகோணம் டிகிரி காப்பியில் பழகிய நாவுக்கு அங்கே கிடைக்கும் காப்பி உவப்பாயிராது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதைப் பரிகசித்துக்கொண்டே மறுநாளும் தவறாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர்!

நாவின் வழியிலும் ஆழ்ந்த நம்பிக்கையை வளர்க்க முடியும் என்பதற்குப் பெங்களூரிலேயே ஒரு சான்று உண்டு. 1924இல் தொடங்கப்பட்டு, பின்னர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று பெயர் பெற்ற எம். டி. ஆர். உணவகத்தை நடத்திய யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று அங்குள்ள உணவகங்களின் சுத்தத்தைக் கண்டு திரும்பினார். அதன் பின் சமையற்கட்டைச் சாப்பிட வருவோர் பார்வைக்குத் திறந்து வைத்தார். சமைக்கும் இடத்தைக் கண்ணாரக் கண்ட பின் உண்பவருக்கு அங்கே சந்தேகம் என்ன இருக்கும்? நெருக்கடி நிலைக் காலத்தில் அரசாங்கம் பண்டங்களுக்கு விலை வரம்பு கட்டியபோது, தரத்தைக் குறைக்க மனமில்லாத நிர்வாகம் அன்றாட நஷ்டத்தைப் பலகையில் எழுதி வாசலில் வைத்ததாம். கடையைச் சில காலம் மூடவும் நேர்ந்தது. திறந்தபோது கூட்டம் குறையவில்லை. அது ஒரு முதலாளியின் உறுதியால் விளைந்த வாடிக்கை. காப்பி ஹவுஸில் அவ்வாறு சுட்டிக் காட்ட ஒரு முதலாளி இல்லை.

சூழல் என்று சொல்லும்போது விசிறியையும் நாற்காலியையும் மட்டும் எண்ணுகிறோம். யார் அங்கே அமரலாம் என்பதும் சூழலைச் சேர்ந்ததே. தென்னாட்டில் காப்பி கிளப்புகள் பெருகிய காலத்தில் சாதிக்கு ஒரு கூடம் என்று பிரித்து வைத்திருந்தவை பல; வாசலோடு நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் சாதி மதம் கருதி எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் பெயர்ப் பலகைகள் பேசிக்கொண்டுதான் இருந்தன. திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் ஈ. வெ. ராமசாமி 1957இல் தொடர் கிளர்ச்சி நடத்தியதை நாம் அறிவோம். இந்த நிலையில், அடுத்த நாற்காலிக்காரரின் குலம் கோத்திரம் விசாரிக்காத ஒரு பொதுக் கூடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஊரை விட்டு வந்தவர்கள் நன்கு உணர்வார்கள்.

ஆயினும் அதைச் சமத்துவத்தின் கோயில் என்று வருணிப்பது மிகை. கோப்பையின் விலையைக் கொடுக்க இயலாதவர் உள்ளே வரவில்லை. பெண்கள் தனியே வந்து அமர்வது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. பரிசாரகரின் தலைப்பாகையும் பட்டையும் வெள்ளைக்காரன் காலத்து ஏவலாளரின் கோலத்தை நினைவூட்டுபவை. பட்டையின் நிறத்தைக் கொண்டே அவரது பதவி இன்னதென்று சொல்லிவிடலாம். மேசையில் அமர்ந்தவர்கள் உலக சமத்துவத்தைப் பற்றிப் பேச, பக்கத்தில் தட்டேந்தி நின்றவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது வீண்போகவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

கல்கத்தாவுக்கு வருவோம். கல்லூரித் தெருவில், பிரசிடென்சி கல்லூரிக்கு எதிரே, 1876இல் நிறுவப்பட்ட ஆல்பர்ட் ஹால் இருக்கிறது. விக்டோரியா ராணியின் கணவர் பெயரைத் தாங்கிய மண்டபம் அது. 1942இல் அங்கே காப்பிக் கடை திறக்கப்பட்டது. சுற்றிலும் கல்லூரிகள், பல்கலைக்கழகம், புத்தகக் கடைகள். பேசுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் வங்காளிகளுக்கு ‘அட்டா’ என்று ஒரு சொல் உண்டு. காரியம் எதுவும் கருதாமல் நண்பர்கள் கூடி மணிக்கணக்கில் பேசுவது அட்டா. திண்ணைப் பேச்சு என்று நாம் சொல்வது ஏறக்குறைய அதுவே. ஆனால் திண்ணைப் பேச்சை நாம் இகழ்ச்சியாகச் சொல்கிறோம், அவர்கள் அட்டாவைக் கலையாக மதிக்கிறார்கள். வீட்டுத் திண்ணைகள் அருகிப்போன மாநகரில் காப்பி ஹவுஸ் ஊருக்குப் பொதுவான திண்ணை ஆயிற்று. பால் சேர்க்காத காப்பிக்கு அங்கே ‘இன்ஃப்யூஷன்’ என்று பெயர். மாணவர் கையில் உள்ள சில்லறைக்கு அது போதும்.

அதே நகரில் சென்ட்ரல் அவென்யூவில் இருந்த மற்றொரு காப்பி ஹவுஸில் இரு பகுதிகள் உண்டு. ஒன்றுக்குப் பிரபுக்கள் சபை என்றும் மற்றொன்றுக்குப் பொதுமக்கள் சபை என்றும் வருவோரே பெயர் சூட்டியிருந்தனர். வாடிக்கைக்காரர் ஓர் இடத்துக்குத் தாமே பெயர் வைக்கத் தொடங்கினால், அந்த இடம் கடைக்காரர் கையை விட்டுப் போய்விட்டது என்று கொள்ளலாம். அக்காலத்தில் அருகில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்த சத்யஜித் ராய் அங்கே நண்பர்களுடன் கூடித் திரைப்படக் கலையைப் பற்றி விவாதிப்பது வழக்கம். அவர்கள் 1947இல் கல்கத்தா பிலிம் சொசைட்டியை நிறுவினர். காப்பி ஹவுஸ் இல்லாவிட்டால் ராய் படம் எடுத்திருக்கமாட்டார் என்று சொல்வது அசட்டுத்தனம். ஆனால் கையில் பணமும் கருவியும் இல்லாத இளைஞர்கள் தம் கனவை உரக்கச் சொல்லிப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அது ஒரு கோப்பைக் காப்பியின் விலையில் கிடைத்தது.

வடக்கே அலகாபாத்திலும் லக்னோவிலும் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் அரசியல்வாதிகளும் இப்படியே வாடிக்கை கொண்டனர். அவ்வூர்களின் கதை கல்கத்தாவின் கதையைப் பெரிதும் ஒத்தது. மேலே செல்வோம்.

1950களின் பிற்பகுதியில் காப்பி வாரியம் தன் கடைகளை மூட முடிவு செய்தது. விளம்பரம் வேண்டியிருந்த காலம் போய்விட்டது. பலகையின் வேலை முடிந்ததென்று கருதி அதைக் கழற்ற முனைந்தார்கள் என்று சொல்லலாம். பலகையை நம்பிப் பிழைத்த சிப்பந்திகளின் கதி என்ன? அவர்களில் பலர் சிறு வயதில் மலபாரிலிருந்தும் தென்னாட்டின் வேறு பகுதிகளிலிருந்தும் வேலை தேடி வடநாட்டு நகரங்களுக்கு வந்தவர்கள். ஊரில் நிலமில்லை. வந்த ஊரில் வேறு தொழில் தெரியாது. வெளி மாநிலத்தில் வேலையிழப்பது என்றால் என்ன என்பதை நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனால் தலைக்கு மேலுள்ள கூரையும் போகும்; மாதந்தோறும் ஊருக்குச் செல்லும் மணியார்டரும் நிற்கும்.

அப்போது மக்களவையில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக விளங்கிய ஏ. கே. கோபாலன் அவர்களுக்கு ஒரு யோசனை கூறினார். வேலையைக் கேட்டு மன்றாடுவதற்குப் பதிலாகக் கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பதே அந்த யோசனை. 1957 ஆகஸ்ட் 19ஆம் தேதி பெங்களூரில் காப்பித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி புது தில்லியில் சிப்பந்திகளே நடத்தும் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958 மார்ச் 8ஆம் தேதி கேரளத்தின் முதற்கடை திருச்சூரில் தொடங்கியது. பாண்டிச்சேரி, நாகபுரி, ஜபல்பூர் என்று சங்கங்கள் வரிசையாக எழுந்தன. ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ என்ற பெயர் பெரும்பாலான ஊர்களில் ‘இந்தியன் காப்பி ஹவுஸ்’ ஆயிற்று. கேரளத்தில் முன்னின்று பாடுபட்ட நடக்கல் பரமேசுவரன் பிள்ளை இவ்வரலாற்றை மலையாளத்தில் நூலாகவே எழுதி வைத்திருக்கிறார்.

தட்டேந்தி நின்றவர் முதலாளி ஆனார், தலைப்பாகையைக் கழற்றவில்லை. இது நமக்கு வியப்பளிக்கலாம். அடிமைக்கோலம் என்று அதை எறிந்துவிட அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் அவர்கள் கையில் இருந்த மூலதனம் எது என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். பணம் இல்லை. கட்டடமோ பல இடங்களில் வாடகைக்கு. பழைய மேசை நாற்காலிகளுக்கு ஏலத்தில் என்ன விலை கிடைத்துவிடும்? வருபவர் மனத்தில் படிந்திருந்த ஒரு காட்சியே அவர்களுடைய உண்மையான ஆஸ்தி. அந்தக் காட்சியில் தலைப்பாகையும் இருந்தது, அவசரப்படுத்தாமையும் இருந்தது. இரண்டையும் அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். முதலாவதற்குச் செலவு சலவைக் கூலி மட்டும். இரண்டாவதன் செலவு பெரிது. பிரசார நிதியின் பலத்தில் வாரியம் வழங்கிய சலுகையை, வயிற்றுப் பிழைப்புக்குக் கடை நடத்துவோர் தொடர்ந்து வழங்குவதென்றால் அது எளிதா?

வாடிக்கைக்காரரும் சும்மா இருக்கவில்லை. 1958இல் கல்லூரித் தெருக் கடை மூடப்பட்டபோது, பிரசிடென்சி கல்லூரியையும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பேராசிரியர்கள் அதைக் காப்பாற்றும்படி அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார்கள். அவ்வாண்டே கடை மீண்டும் திறக்கப்பட்டது. மளிகைக் கடை மூடினால் அடுத்த தெருக் கடைக்குப் போகிறோம், மனு எழுதுவதில்லை. காப்பி அந்த நகரில் வேறிடத்தில் கிடைக்காத பொருளன்று. கோயில் குளம் பாழ்படும்போது ஊரார் காட்டும் அக்கறையை ஒரு காப்பிக் கடை பெற்றதென்றால், அவர்கள் அதைக் கடையாக எண்ணவில்லை என்பது தெளிவு. 1983இல் மன்னா டே பாடி வெளிவந்த வங்கப் பாடல் ஒன்று அந்தக் காப்பி ஹவுஸை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. ஒரு காலத்தில் அங்கே ஒரே மேசையில் கூடியிருந்து பிறகு திசைக்கொருவராய்ச் சிதறிய நண்பர்களைப் பற்றிய பாட்டு அது. காப்பியின் சுவையைப் புகழும் வரி அதில் இல்லை!

காலப்போக்கில் ஊருக்கு ஊர் அதன் முகம் மாறியது. கேரளத்தில் அது குடும்பத்தோடு வந்து வயிறார உண்ணும் இடம். பீட்ரூட் சேர்த்த செந்நிற மசாலாவோடு வரும் தோசையும், கட்லெட்டும் அங்கே பிரசித்தம். ஜபல்பூர்ச் சங்கம் மத்தியப் பிரதேசத்தைத் தாண்டியும் கிளைகள் பரப்பி, தங்கும் விடுதிகளும் நடத்துகிறது. பாண்டிச்சேரி நேரு வீதியில் இருந்த கடை, 2001இல் வெளியான யான் மார்ட்டலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையிலேயே இடம் பெற்று உலகெங்கும் தெரிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கும் கடை எல்லாவற்றிலும் விசித்திரமானது. இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனான கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கோபுரம் அது. உள்ளே மாடிகள் இல்லை. நத்தை ஓட்டைப் போலச் சுழன்று ஏறும் ஒரே சரிவுப் பாதை. அதன் ஓரம் முழுதும் கட்டி வைத்த மேசைகளும் இருக்கைகளும். செங்கல் இடைவெளிகள் வழியே காற்று வருகிறது. ரயிலுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தோடு வருபவர்களுக்காக, நிதானத்தை உருவமாக்கிக் கட்டியது போல் இருக்கிறது. குறைந்த இடத்தில், குறைந்த செலவில், எந்த மேசையையும் மூலையில் ஒதுக்கிவிடாமல் கட்டியிருப்பதை அங்கே அமர்ந்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

அமர்ந்து பேசும் இடத்துக்கு ஆபத்தும் உண்டு. தில்லி கன்னாட் பிளேசில் இருந்த காப்பி ஹவுஸ், நெருக்கடி நிலைக் காலத்தில் (1975-77) இடிக்கப்பட்டது. அங்கே அரசாங்கத்தைக் குறை கூறிப் பேசுவோர் கூடினார்கள் என்பதே காரணம் என்று பலர் எழுதியிருக்கின்றனர். பிறகு அதன் வாடிக்கைக்காரர்களுக்குப் புகலிடமாக இருந்து வருவது பாபா கடக் சிங் மார்க்கில் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மேல்மாடியில் உள்ள காப்பி ஹவுஸ். படியேறி, மொட்டை மாடியில் அமர்ந்து, முதியோர் பலர் இன்றும் அரசியல் பேசுகிறார்கள். அரசாங்கங்கள் மாறின, பேச்சு நிற்கவில்லை.

1996இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காப்பி டே தன் முதற்கடையைத் திறந்தது. 2012இல் அமெரிக்க நிறுவனமான ஸ்டார்பக்ஸ் மும்பையில் கால் வைத்தது. மெத்தை நாற்காலி, மெல்லிய இசை, குளிர்சாதனம் எல்லாவற்றையும் திட்டமிட்டு அமைத்து, சூழலையே சரக்காக விற்கும் கடைகள் இவை. கோப்பையின் விலையில் நாற்காலியின் வாடகையும் சேர்ந்திருக்கிறது. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. அமரும் இடத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை. இளைஞர்கள் அங்கே போவதைக் கண்டு முதியோர் முகம் சுளிப்பது, நீராகாரத்தை விட்டுக் காப்பிக்கு மாறியவர்களைக் கண்டு அந்தக் காலத்துப் பெரியவர்கள் அங்கலாய்த்ததற்குச் சற்றும் குறைந்ததன்று.

கூட்டுறவுக் கடைகளின் சங்கடம் வேறு விதமானது. அவற்றுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் யார்? ஒரு கோப்பையோடு நாள் முழுதும் அமர்ந்திருந்தவர்கள். நஷ்டம் வரக் காரணமானவர் யார்? அவர்களேதாம். வாடகை உயர்ந்தது, சம்பளம் உயர்ந்தது, பழைய கட்டடங்களுக்குப் பழுது பார்க்கும் செலவு ஏறியது. விலையை மட்டும் உயர்த்தினால் பழைய வாடிக்கைக்காரர் முணுமுணுக்கிறார். கடை மூடப்போகிறது என்ற செய்தி வந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் அன்பர், இரண்டாவது கோப்பைக்குச் சொல்லத் தயங்குகிறார். அன்பு பெரிதாகவும் வரவு சிறிதாகவும் உள்ள இந்தக் கணக்கை நேர் செய்ய எந்தச் சங்கமும் முழுமையான வழி கண்டுவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கேரளத்தாரும் ஜபல்பூராரும் உணவு விற்பனையைப் பெருக்கித் தாக்குப் பிடித்தார்கள். கல்கத்தாவிலோ இன்றும் மாணவர் கூட்டம்தான் பலம். மாடியிலிருந்து பார்த்தால், ரவீந்திரநாத தாகூரின் பெரிய படத்துக்குக் கீழே, மேசைகளுக்கு இடையே நடக்க வழியில்லாத கூட்டம்!

பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் நெடுங்காலம் நடந்து வந்த காப்பி ஹவுஸ் 2009இல் அந்த இடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. அதன் கடைசி நாட்களில் ஊரெங்கிலுமிருந்து மனிதர்கள் வந்து அமர்ந்து போனார்கள். பிறகு அண்மையிலேயே, சர்ச் தெருவில் ஒரு வணிக வளாகத்துக்குள் கடை மீண்டும் திறந்தது. பழைய சாளரமும் தெருக்காட்சியும் புது இடத்தில் இல்லை. ஆனால் வெள்ளை உடுப்பும் தலைப்பாகையும் வந்தன; பீங்கான் கோப்பையும் வந்தது. காலையில் செய்தித்தாளோடு வந்து அமர்பவரின் முன் காப்பியை வைத்துவிட்டு, பரிசாரகர் முன்போலவே ஒதுங்கி நிற்கிறார்.